எழுந்திரு என்றார்கள்!

பள்ளி விட்டது. புத்தகங்களை மார்போடு அணைத்தபடி மாணவியர் சிலர் தெருமுனையிலே பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கின்றனர். பஸ் வருகிறது. ஏறுகின்றனர், அமர்கின்றனர். வீடு போய்ச் சேரவேண்டும், நாளைய பாடத்தைப் படிக்கவேண்டும் என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. இதிலே எழுத என்ன இருக்கிறது, ஏடு நிரம்பாத குறையோ என்று கேட்கும் நண்பர்களை நாம் அறிவோம். அவர்கள்மீது குற்றமில்லை. கோட்டை எழுந்ததும் கொற்றவன் வீழ்ந்ததுமே வரலாறு என்று நமக்கெல்லாம் கற்பித்துவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்து நின்றவரின் கதையை எந்தப் புலவன் பரணியாகப் பாடினான்!

ஆனால் தோழர்களே, பஸ்ஸிலே அமர்ந்த பெண் எழுந்திருக்க மறுத்ததாலே ஒரு நாட்டின் சட்டம் சாய்ந்த கதை உண்டு. யார் அந்தப் பெண் என்றால், விவரம் அறிந்தோர் 'ரோசா பார்க்ஸ்' என்று உடனே விடை பகர்வர். சரியான விடைதான், ஆயினும் பாதி விடை. மற்றப் பாதிக்கு வயது பதினைந்து. பள்ளி மாணவி. கிளாடெட் கால்வின் என்று பெயர். அந்தப் பாதியை ஏன் உலகம் மறந்தது என்பதைச் சொல்லத்தான் இன்று எழுதுகோலை எடுத்தோம்.

ஊர், மாண்ட்கோமரி. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகர். அடிமை முறையைக் காக்கவென்றே பிரிந்துபோன மாநிலங்கள், 1861 பிப்ரவரியிலே தங்கள் தலைநகராக்கிக் கொண்ட ஊர். ஜெபர்சன் டேவிஸ் அவர்களுக்குத் தலைவராகப் பதவி ஏற்றது இங்கேதான். போர் முடிந்தது, 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்ததா? காலில் கிடந்த விலங்கைக் கழற்றினார்கள். கழற்றிய கையோடு தரையிலே கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு இப்பால் நீ, அப்பால் நான்!

அதே ஊரிலே, 1886-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. நகரம் முழுவதற்கும் மின்சார டிராம் கண்ட முன்னோடி ஊர்களிலே அது ஒன்று. 'மின்னல் பாதை' என்று பெயர் சூட்டிப் பெருமிதம் கொண்டனர். மின்சாரம் நுழைந்த ஊரிலே அறிவொளியும் நுழைந்திருக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். 1896-இல் நாட்டின் உச்சநீதிமன்றமே 'தனித்தனி, ஆயினும் சமம்' என்று தீர்ப்பளித்து, பிரித்து வைப்பதற்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டது. 1900-இல் மாண்ட்கோமரி நகரசபை, டிராமிலே வெள்ளையர்க்கு ஓரிடம், கறுப்பர்க்கு ஓரிடம் என்று விதி செய்தது. விஞ்ஞானம் வண்டியை ஓட்டிற்று. வைதிகம் அதிலே ஏறி உட்கார்ந்து சவாரி செய்தது!

அன்றைக்கே கறுப்பின மக்கள் டிராமைப் புறக்கணித்து நடந்தனர். வருவாய் குறைந்ததும் கம்பெனி இறங்கி வந்தது. அவ்விதியிலே ஒரு வாசகமும் இருந்தது: வேறு இடம் காலியில்லாதபோது, அமர்ந்திருப்பவரை எழுந்து நிற்கச் சொல்லக்கூடாது என்று. நாளாக நாளாக அந்த வாசகம் ஏட்டிலே உறங்கிற்று. டிராம் போய் பஸ் வந்தது. ஓட்டுநரின் வாய்ச்சொல்லே சட்டமாயிற்று.

அந்தப் பஸ்ஸின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கொடுமை என்றதும் சவுக்கும் சூட்டுக்கோலும் நினைவுக்கு வருகின்றன. அன்றாடக் கொடுமையோ கணக்கு வாத்தியாரைப்போல ஒழுங்கானது. மொத்தம் 36 இருக்கைகள். முன்னாலுள்ள 10 வெள்ளையர்க்கு. அவை காலியாகவே கிடந்தாலும், கால் கடுக்க நிற்கும் கறுப்பினத்தவர் அவற்றைத் தொடக்கூடாது. பின்பக்கம் கறுப்பர்க்கு. நடுவிலுள்ள வரிசைகள் யாருக்கும் சொந்தமில்லாத எல்லைப்புறம். முன்பகுதி நிறைந்து மேலும் ஒரே ஒரு வெள்ளையர் ஏறினாலும், நடு வரிசையிலிருந்து எழவேண்டியவர் ஒருவர் அல்லர், நால்வர்! வெள்ளையர் அமரும் வரிசையிலே, நடைவழிக்கு அப்பாலுங்கூட, கறுப்பர் அமர்ந்திருக்கலாகாதாம். தீட்டு என்ற சொல் ஆங்கிலத்திலே இல்லாதிருக்கலாம், பொருள் இருந்தது.

ஏறுவதிலும் ஒரு சடங்கு. முன்வாசலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்தவேண்டும். செலுத்தியபின் கீழே இறங்கி, மழையானாலும் வெயிலானாலும் வெளியே நடந்து, பின்வாசலில் ஏறவேண்டும். காசை வாங்கிக்கொண்ட ஓட்டுநர், அவர் பின்வாசலை எட்டுமுன்னே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் உண்டு. போன காசு போனதுதான். மீண்டும் தெருமுனையிலே காத்திருக்கவேண்டியதுதான். இத்தனைக்கும் அந்தப் பஸ்களிலே சென்றவரில் நான்கிலே மூன்று பங்கினர் கறுப்பின மக்கள்! அவர்கள் தந்த காசிலேதான் கம்பெனியின் சக்கரம் சுழன்றது.

1955 மார்ச் 2. புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் மாணவி கிளாடெட், தோழியரோடு பஸ் ஏறினாள். அதற்கு முந்திய மாதம் முழுவதும் வகுப்பிலே அவர்கள் படித்தது தம் இனத்தின் வரலாறு. நாட்டின் அரசியல் சட்டம். அடிமைகளைச் சிறைமீட்ட ஹேரியட் டப்மன், மேடையேறி உரிமை முழங்கிய சோஜர்னர் ட்ரூத் ஆகியோரின் கதைகள் அவள் உள்ளத்திலே புதுமெருகு மாறாமல் இருந்தன. கடைகளிலே கறுப்பினப் பெண்கள் துணியை உடுத்திப் பார்த்து வாங்கத் தடை இருப்பதைப் பற்றி அன்றுதான் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதே பள்ளியிலே படித்த ஜெரமியா ரீவ்ஸ் என்னும் இளைஞன் பதினாறு வயதிலே கைதாகி மரண தண்டனைக்கு ஆளாகியிருந்ததும் அவள் நெஞ்சைத் துளைத்துக்கொண்டிருந்தது. பாடம் என்பது தேர்வுத் தாளிலே கொட்டிவிட்டு மறந்துபோவதற்கு என்றுதான் ஆட்சியாளர் நினைத்திருப்பர். இந்தப் பெண் அதை நம்பிவிட்டாள்! அரசியல் சட்டம் தனக்கும் எழுதப்பட்டதென்று நம்பிவிட்டாள்!

வெள்ளைப் பெண்மணி ஒருவர் வந்து நின்றார். எழுந்திரு என்றார் ஓட்டுநர். வரிசையிலிருந்த மற்ற மூன்று மாணவியரும் எழுந்தனர். கிளாடெட் அசையவில்லை. வரலாறு தன்னை அமர்த்தி வைத்தது என்றும், ஒரு தோளை ஹேரியட் டப்மனும் மறுதோளை சோஜர்னர் ட்ரூத்தும் அழுத்திப் பிடித்திருந்ததுபோல் தோன்றிற்று என்றும் பிற்காலத்தில் கூறினார். பேய் பிடித்தது, சாமி வந்தது என்று சொல்லப்படும் கதைகளை நாம் நம்புவதில்லை; படித்த வரலாறு ஒரு சிறுமியின் தோளைப் பிடித்தது என்றால் நம்புகிறோம். போலீசார் வந்தனர். கட்டணம் கொடுத்திருக்கிறேன், இது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று அவள் கூவக் கூவ, இழுத்துச் சென்று கைவிலங்கு பூட்டினர். புத்தகங்கள் சிதறின. சிறுவர்க்கான இடத்திலன்று, பெரியவர்களை அடைக்கும் சிறையிலே தள்ளிப் பூட்டினர். அங்கே ஒரு காத்திருப்பு. தாயும் பாதிரியாரும் வந்து மீட்கும்வரை. அன்றிரவு, வெறியர் தாக்க வரலாம் என்றஞ்சி, வளர்த்த தந்தை துப்பாக்கியோடு விடிய விடிய விழித்திருந்தார்.

மூன்று குற்றங்கள் சாட்டினர்: பிரிவினைச் சட்டத்தை மீறினாள், அமைதியைக் குலைத்தாள், போலீசாரைத் தாக்கினாள். மேல்முறையீட்டிலே முதலிரண்டும் தள்ளுபடி. மூன்றாவது மட்டும் நிலைத்தது. நல்லதுதானே என்பீர்! சூது அங்கேதான். பிரிவினைச் சட்டத்தை மீறியதாகத் தண்டித்திருந்தால், அந்தச் சட்டம் செல்லுமா என்று மேல் மன்றங்களிலே கேட்டிருக்கலாம். அந்தக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, பதினைந்து வயதுப் பெண் காவலரை அடித்தாள் என்ற கறையை மட்டும் அவள்மீது பூசினர்.

இங்கேதான் நம் நெஞ்சைச் சுடும் இடம் வருகிறது. பகைவர் செய்ததைச் சொன்னோம். சொந்த மக்களின் தலைவர்கள் செய்தது என்ன? இவளை முன்னிறுத்திப் போராடலாமா என்று ஆராய்ந்தனர். வயது குறைவு என்றனர். படபடப்பானவள் என்றனர். ஏழைக் குடியிருப்பிலே வாழ்பவள். மேனி நிறம் மிகக் கருமை. கறுப்பர்க்குள்ளேயே நிறத்துக்கொரு தராசு இருந்தது! சில மாதங்களிலே அவள் மணமாகாமலே கருவுற்றாள் என்பதும் சேர்ந்துகொண்டது. இவள் வேண்டாம், 'மதிப்புள்ள' முகம் ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருக்க முடிவு செய்தனர். அவர்கள்மீது முழுக் குற்றம் சுமத்த நாம் விரும்பவில்லை. பத்திரிகையும் காவல்துறையும் நீதிமன்றமும் எதிரியின் கையிலிருக்கும்போது, வழக்குக்கு வரும் ஆளின் ஆடையிலே அழுக்கொன்று இருந்தாலும் வழக்கே அழுக்கென்பர். அந்தக் கணக்கு நமக்குப் புரிகிறது. புரிந்தாலும் கசக்கிறது. தோழியர் எழுந்தபோதும் எழாத பெண், இயக்கத்தின் வரவேற்பறையிலே காத்திருக்க வைக்கப்பட்டாள்.

அவ்வாண்டு டிசம்பர் 1. தையல் வேலை முடித்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் அம்மையார் எழ மறுத்தார். வயது 42. களைத்துப்போன பெண் தற்செயலாக உட்கார்ந்துவிட்டார் என்று சிலர் கதை கட்டினர். தவறு. உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர் அவர். இளைஞர் குழுவுக்கு வழிகாட்டி. அந்தக் குழுவுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி கிளாடெட்! அதே ஓட்டுநர் 1943-இல் ஒருமுறை அவரைப் பஸ்ஸைவிட்டு இறக்கியவர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்தித்தனர். இம்முறை அம்மையார் இறங்கவில்லை.

அன்றிரவு உறங்காத மற்றொரு பெண்மணி ஜோ ஆன் ராபின்சன். அலபாமா மாநிலக் கல்லூரியிலே ஆங்கிலப் பேராசிரியை. 1949-இல், ஏறக்குறைய காலியாக இருந்த பஸ்ஸிலே முன்வரிசை ஒன்றில் அமர்ந்ததற்காக ஓட்டுநர் சீறி விழ, கண்ணீரோடு இறங்கியவர். பள்ளிகளிலே பிரித்து வைப்பது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1954 மே 17-இல் தீர்ப்பளித்த நான்காம் நாளே, பஸ்ஸைப் புறக்கணிக்க நேரும் என்று மேயருக்குக் கடிதம் எழுதியவர். பார்க்ஸ் கைதான செய்தி எட்டியதும் கல்லூரிக்கு விரைந்தார். உடன் பணிபுரிந்தவர் ஒருவர், மாணவர் இருவர். சைக்ளோஸ்டைல் எந்திரம் சுற்றத் தொடங்கிற்று. திங்களன்று பஸ் ஏறாதீர் என்ற துண்டறிக்கை பல்லாயிரம், பொழுது புலருமுன் அடித்து அடுக்கப்பட்டது. காலை எட்டு மணிக்கு அம்மையாருக்கு வகுப்பு. பாடம் நடத்தி முடித்தார். பிறகு அதே மாணவர் இருவரோடு காரிலே ஏறித் துண்டறிக்கைகளைப் பள்ளிகளிலும் கடைகளிலும் சேர்ப்பித்தார். இரவெல்லாம் கண்விழித்து அறிக்கை உருட்டிய அனுபவமுள்ள நம் தோழர்களுக்கு, அந்த மையின் மணம் மூக்கிலே ஏறும்.

டிசம்பர் 5, திங்கள். பஸ்கள் வெறுமையாக ஓடின. ஏற விரும்புவோரைச் சண்டியர்கள் தடுப்பதாகக் கூறி, காவலர் மோட்டார் சைக்கிளிலே பஸ்ஸைத் தொடர்ந்தனர். கல்லூரி மாணவன் ஒருவன் மூதாட்டி ஒருவரைக் கைபிடித்துத் தெருவைக் கடக்க வைத்தான். பஸ் ஏறவிடாமல் தடுத்தான் என்று அவனைக் கைது செய்தனர்! மாலையிலே மாதா கோவிலில் பெருங்கூட்டம். மாதா கோவிலா என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அந்த மக்கள் பெருந்திரளாகக் கூடத் தமக்கென வைத்திருந்த கூரை அது ஒன்றுதான். தலைமை ஏற்றவர் மார்ட்டின் லூதர் கிங். அப்போது அவருக்கு வயது 26.

அவர்கள் முதலிலே கேட்டது என்ன? மரியாதையாக நடத்துங்கள்; வந்த வரிசைப்படி கறுப்பர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் அமரட்டும்; அமர்ந்தவரை எழுப்பாதீர்; கறுப்பர் பகுதிகளிலே கறுப்பின ஓட்டுநரை அமர்த்துங்கள். இவ்வளவே! பிரிவினையையே ஒழி என்றுகூட அன்று கேட்கவில்லை. இதையும் மறுத்தனர் ஆணவக்காரர். ஒரு முழம் கேட்டபோது தந்திருந்தால் ஊரைக் காத்திருப்பர்.

மக்கள் நடந்தனர். வாடகைக் கார்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றன. 45 சென்டுக்குக் குறைந்து வாங்கினால் குற்றம் என்ற விதியைக் காட்டிக் காவல்துறை மிரட்டியது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தோர் முன்வந்தனர். ஏறத்தாழ 300 கார்கள். இன்ன தெருவில், இன்ன நேரத்தில், இன்னார் ஏறுவர் என்று தபால் இலாகாவைப்போல ஒழுங்கு. அங்கே காத்து நின்றவரையும் போலீசார் விரட்டினர். கார்களின் காப்புறுதியை ரத்துச் செய்ய வைத்தனர். இலண்டனிலுள்ள லாயிட்ஸ் மூலம் புதிதாகப் பெற்றனர். 1956 சனவரி 30-இல் கிங் வீட்டிலே குண்டு வெடித்தது. அடுத்த மாதம், புறக்கணிப்புக்கு எதிரான 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து 89 பேர்மீது குற்றம் சாட்டினர். அவர்களோ தாமே காவல் நிலையம் சென்று, என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டனர்! 381 நாட்கள் இப்படிக் கழிந்தன.

சட்டத்தைச் சாய்த்தது எது? நடந்த கால்கள் கம்பெனியைத் தள்ளாட வைத்தன. சட்டத்தை வீழ்த்தியது வேறொரு வழக்கு. பார்க்ஸ் அம்மையாரின் வழக்கு மாநில மன்றங்களிலே சிக்கிக்கொள்ளும் என்று கருதிய வழக்கறிஞர், 1956 பிப்ரவரி 1-இல் கூட்டாட்சி மன்றத்திலே புது வழக்குத் தொடுத்தனர். பஸ்ஸிலே இழிவுபடுத்தப்பட்ட பெண்கள் வேண்டும், துணிந்து சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் மிரட்டலுக்கு ஆளாகி விலகினார், நால்வர் நின்றனர். அவ்ரீலியா பிரௌடர், சூசி மெக்டானல்ட், மேரி லூயிஸ் ஸ்மித். நான்காவது பெயர்? கிளாடெட் கால்வின்! வேண்டாமென்று விலக்கப்பட்ட அதே பெண். மார்ச்சிலே குழந்தை பிறந்திருந்தது. மே 11-இல் சாட்சிக் கூண்டேறினாள். யாரோ ஒரு தலைவர் தூண்டிவிட்டதாகவே சொல்லவைக்க முயன்றார் நகரசபை வழக்கறிஞர். எங்களுக்குத் தலைவர் நாங்களே என்ற பொருள்பட விடை இறுத்தாள் அந்தச் சிறுமி. சூன் 5-இல் தீர்ப்பு: பஸ்ஸிலே பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண். நவம்பர் 13-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21 முதல் எவரும் எங்கும் அமரலாம்.

வெற்றி விழாவிலே அவள் பெயர் ஒலிக்கவில்லை. 1958-இல் நியூயார்க் சென்று, முதியோரைப் பேணும் பணியாளாகப் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றார். பதினைந்து வயதிலே பூசப்பட்ட குற்றக்கறையை அழிக்க நீதிமன்றம் ஆணையிட்டது எப்போது? 2021-இல். அறுபத்தாறு ஆண்டுகள்!

கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்திலே, தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் படித்த பள்ளியிலே, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப்போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்ததாகவும், எண்ணிப் பார்த்தபின் ஆம், நானும் என் மக்களும் அப்படித்தானே என்று உணர்ந்ததாகவும் 1965-இல் ஒரு சொற்பொழிவிலே கிங்கே கூறியிருக்கிறார். பிள்ளைகள் படிக்கும் இடத்திலே அவர் கற்ற பாடம் அது.

பஸ்ஸிலே இடம் கிடைத்தது. பஸ் நிலையத்திலே? காத்திருக்கும் அறைகளிலே பலகை இன்னும் தொங்கிற்று. 1958-இல், சட்டம் பயிலும் மாணவர் புரூஸ் பாயின்டன், வாஷிங்டனிலிருந்து மாண்ட்கோமரி செல்லும் பஸ்ஸிலே தம் ஊர் திரும்பினார். வழியிலே ரிச்மண்டில் பஸ் நின்ற நேரத்தில், வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவுப் பகுதியில் அமர்ந்தார். 10 டாலர் அபராதம். அந்தப் பத்து டாலரை உச்சநீதிமன்றம்வரை கொண்டுசென்று, மாநிலம் கடந்து செல்லும் பயணிகளுக்கான நிலையங்களிலே பிரிவினை கூடாது என்ற தீர்ப்பை 1960-இல் பெற்றார். தீர்ப்பு தாளிலே இருக்கிறதா, தரையிலே இருக்கிறதா என்று சோதிக்கப் புறப்பட்டனர் அடுத்த ஆண்டு விடுதலைப் பயணிகள். தேர்வு நெருங்கிய வேளை. நாஷ்வில் மாணவரில் சிலர் உயில் எழுதி வைத்துவிட்டு வந்தனர். 1961 மே 20-இல் மாண்ட்கோமரி நிலையத்திலே இறங்கியதும் தடிகளோடு ஒரு கும்பல் பாய்ந்தது. காவலர் ஒருவரும் கண்ணில் படவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் அந்தப் பலகைகள் இறங்கின.

அதற்கு முந்திய ஆண்டு, 1960 பிப்ரவரி 25-இல், நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டிச் சாலையிலே அமர்ந்த மாநிலக் கல்லூரி மாணவர்மீது ஆளுநர் சினந்தார். ஒன்பது பேரைக் கல்லூரி வெளியேற்றியது. விசாரணையும் இல்லை, விளக்கம் கேட்பும் இல்லை. அவர்கள் வழக்காடி, அரசுக் கல்லூரி எதுவும் விசாரியாமல் மாணவனை விலக்கக்கூடாது என்ற தீர்ப்பை 1961-இல் பெற்றனர். சைக்ளோஸ்டைல் சுற்றிய ராபின்சன் அம்மையார் அந்த 1960-லேயே கல்லூரியை விட்டு விலக நேர்ந்தது.

எஞ்சியது நூலகம். மாண்ட்கோமரியின் பெரிய நூலகத்திலே கறுப்பினப் பிள்ளைகள் அமர்ந்து படிக்க முடியாது. அவர்களுக்கெனத் தனிக் கிளை. 1962-இல் இளைஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பஸ் வழக்கைக் கேட்ட நீதிபதிகளுள் ஒருவரான பிராங்க் ஜான்சன், ஆகஸ்டு மாதத்தில் ஆணையிட்டார்: நூலகத்தை எல்லார்க்கும் திறந்துவிடுங்கள் என்று. திறந்தனர். ஆணை நிறைவேறிற்று, எழுத்துப் பிசகாமல் நிறைவேறிற்று. ஆனால் திறக்குமுன் ஒரு வேலை செய்தனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் காட்சியைத் தவிர்க்க, உள்ளேயிருந்த மேசைகளையும் நாற்காலிகளையும் எடுத்துவிட்டனர்! ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மாணவியைப் பார்த்து எழுந்திரு என்ற ஊரிலே, வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் நின்றுகொண்டே புத்தகம் புரட்டவேண்டியதாயிற்று.